பூரட்டாதி முடிச்சு

ஆகஸ்ட் 12, திங்கள்

மகேஸ்வரி மத்தியானம் திருப்பூருக்கு வண்டி ஏறிவிட்டாள். நேற்று அவள் அம்மாவுக்கு முப்பதாம் நாள் படையல் முடிந்தது. மருமகனுக்கு லீவு இல்லையாம், பேரனுக்குப் பரீட்சையாம். சரி, போகட்டும். முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவனுக்குத் தனியாக ஒரு குக்கரை ஓட்டத் தெரியாதா?

டிப்போவில் தினம் லாக் ஷீட் எழுதிய கை இது. எதையாவது எழுதினால்தான் பொழுது முடிந்தது போலிருக்கிறது. அதனால் இந்த நோட்டு.

கிளம்பும்போது மகேஸ்வரி பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன மஞ்சள் துணி முடிச்சை எடுத்தாள். உள்ளே ஒரே ஒரு காசு.

"அப்பா, இதை எங்கயாச்சும் தூக்கிப் போட்டுடாதீங்க. அம்மா எதையோ வேண்டிக்கிட்டு முடிஞ்சிருக்காங்க. அது நடந்தப்பறம்தான் அந்தக் கோயில்லயே கொண்டுபோய் அவுக்கணும்."

"எந்தக் கோயில்? என்ன வேண்டுதல்?"

"எனக்கு மட்டும் எப்படிப்பா தெரியும்?"

முடிச்சுக்குக் கீழே ஒரு விபூதிப் பொட்டலம். அருள்மிகு புன்னைவனநாதர் திருக்கோயில், புன்னைக்குடி என்று அச்சடித்திருந்தது. நல்ல கூத்து. அந்தக் கோயில் வாசலில் பதினோரு வருஷம் பஸ்ஸை நிறுத்தி ஆள் ஏற்றியவன் நான். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. 2003 கடைசியில் ரூட் மாற்றி வாங்கிக்கொண்டேன். முதுகுவலிதான் காரணம், வேறொன்றும் இல்லை.

மே மாதம் எனக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்தார்கள். தனபாக்கியம் அதற்குத்தான் முடிந்திருப்பாள். நான் பிழைத்துவிட்டேன், ஆகவே வேண்டுதல் நிறைவேறிவிட்டது. உண்டியலில் போட்டுவிட்டு வந்தால் வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 14, புதன்

ரசம் தீய்ந்துவிட்டது. ரசம் எப்படித் தீயும் என்று கேட்க வீட்டில் ஆளில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கும்பகோணத்தில் 6.10 வண்டி. புன்னைக்குடி 7.20. டிரைவருக்கு முப்பது வயதிருக்கும். கியர் மாற்றுகிறானா மாவாட்டுகிறானா என்று தெரியவில்லை. அவன் பிரேக் போட வேண்டிய இடத்திலெல்லாம் என் கால் தன்னால் தரையை மிதித்தது. கோயில் நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன். அதைத் தாண்டி எனக்கென்ன வேலை?

உள்ளே போனால் இவ்வளவு பெரிய கோயிலா! ரோட்டிலிருந்து பார்த்தால் மொட்டைக் கோபுரம் மட்டும்தான் தெரியும். சுவரெல்லாம் எழுத்து. வாசல் பலகை கோயிலுக்கு ஆயிரத்து முந்நூறு வருஷம் என்கிறது. பூக்கடைக்காரி இரண்டாயிரம் என்றாள். குருக்கள் யுகக் கணக்கில் பேசினார். யாராவது ஒருவர் சரியாகச் சொன்னால் தேவலை.

குருக்கள் பெயர் சுந்தரேசன், ஐம்பது வயது மனிதர். வீட்டில் சாவு நடந்ததைச் சொன்னேன்.

"பதினாறு முடிஞ்சுடுத்தோல்லியோ? தாராளமா வரலாம்" என்றார். முடிச்சைக் காட்டியதும் முகம் மாறியது. "இது நம்ம பூரட்டாதி அம்மா முடிச்சுன்னா!"

போனில் தனபாக்கியம் படத்தைக் காட்டினேன். மனிதர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "போயிட்டாளா? ஐயோ, ஈஸ்வரா! இருபது வருஷமா மாசம் தவறாம பூரட்டாதியன்னிக்கு வருவா சார். வினோதினி, பூரட்டாதி நட்சத்திரம். அந்த ஒரே அர்ச்சனைதான். வினோதினிங்கறது உங்க பொண்ணுதானே?"

என் பெண் பெயர் மகேஸ்வரி. நட்சத்திரம் ரோகிணி.

நான் தலையை ஆட்டிவிட்டேன். ஏன் ஆட்டினேன் என்று இப்போதும் விளங்கவில்லை.

"என்ன வேண்டிண்டான்னு தெரியுமா சாமி?"

"அதை நான் கேட்கறதில்லை. நந்தி காதுல சொல்லிட்டுப் போயிடுவா. இந்த முடிச்சைப் போன ஆனி மாசம் இங்கதான் முடிஞ்சா. நடந்துதா இல்லையான்னு தெரியாம உண்டியல்ல போடாதேள்."

அர்ச்சனைத் தட்டில் தேங்காய், பழம், வெற்றிலை. வெற்றிலையை மட்டும் நந்தி பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். எனக்கு ஆகாது.

முடிச்சு போனபடியே என்னுடன் திரும்பி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 17, சனி

மகேஸ்வரிக்குப் போன் செய்தேன். வினோதினியா, யாருப்பா அது என்கிறாள்.

மாதம் ஒரு நாள் தனபாக்கியம் வலங்கைமானில் தங்கச்சி வீட்டுக்குப் போய் வருவாள். அதாவது அப்படித்தான் என்னிடம் சொல்வாள். மைத்துனிக்குப் போன் செய்தேன். "நல்லா கேட்டீங்க அத்தான், அக்கா எங்க வீட்டுக்கு வருஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்த்தாலே பெருசு" என்றாள்.

முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் செய்தவளைப் பற்றி இன்று பகல் முழுக்க என்னென்னவோ நினைத்தேன். அவளுக்கு வேறொரு பிள்ளை உண்டோ என்றுகூட. சீ, எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவள் இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இருந்திருந்தால் கேட்கத் தோன்றியிருக்காது என்பதும் உண்மை.

ஆகஸ்ட் 21, புதன்

காலண்டரில் பூரட்டாதி. 6.10 வண்டி, அதே மாவாட்டி டிரைவர். வினோதினி என்று யாராவது வருவாளோ என்று நந்தி பக்கத்தில் பத்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

நான் கேட்காமலே குருக்கள் அர்ச்சனை செய்தார். "வினோதினி நாம்நீ, பூரட்டாதி நட்சத்திரே" என்று வாய் பழகியபடி சொன்னார். பிரசாதத்தை என் கையில் கொடுத்து, "அந்த அம்மா இதை வாங்கிண்டு நேரா மினி பஸ் ஏறுவா. கீழப்பனையூர் போவா" என்றார்.

கீழப்பனையூர்.

மழை வரும்போல இருந்தது. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

கேஸ் சிலிண்டர் வந்தது. வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டது.

கோயிலின் தெற்குச் சுவரில் ஓர் அம்மாள் போன் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துக் கல்லைப் படித்துக்கொண்டிருந்தாள். பெயர் தமயந்தி. கும்பகோணத்தில் வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமையானால் கல்வெட்டு. நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாதாம், சாய்வாக அடித்தால்தான் பள்ளத்தில் நிழல் விழுமாம்.

சும்மா இருக்க முடியாமல், "என்னம்மா எழுதியிருக்கு?" என்றேன்.

"விளக்கு தானம் சார். ராஜா ராணி கொடுத்தது இல்ல, இது கொஞ்சம் விசித்திரமா இருக்கு. கண்டன் ஆச்சன்னு ஒருத்தன் வேட்டைக்குப் போயிருக்கான். மான்னு நெனச்சு அம்பு விட்டிருக்கான். அது சாத்தன்னு ஒரு ஆள் மேல பட்டு அவன் செத்துட்டான்."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். வெயில்தான்.

"அப்புறம்?"

"நாட்டார் கூடிப் பேசியிருக்காங்க. தெரியாம செஞ்சதால இவன் சாக வேண்டியதில்லை, கோயில்ல அணையாம ஒரு விளக்கு எரிக்கணும்னு தீர்ப்பு. அதுக்குத் தொண்ணூத்தாறு ஆடு கொடுத்திருக்கான். சாவா மூவாப் பேராடுன்னு போட்டிருக்கு பாருங்க. அதாவது இந்த ஆடுகளுக்குச் சாவும் கிடையாது, கிழடும் கிடையாது."

"ஆடு எப்படிம்மா சாகாம இருக்கும்?"

"ஒண்ணு செத்தா அது போட்ட குட்டி அந்த இடத்துக்கு வந்துடணும் சார். எப்பவும் தொண்ணூத்தாறு இருக்கணும். அதுங்க நெய்யிலதான் விளக்கு. ஆயிரம் வருஷம் ஆச்சு. இப்ப விளக்கும் இல்ல, ஆடும் இல்ல, எழுத்து மட்டும் இருக்கு."

எழுதிவிடுகிறேன். 2003 அக்டோபர், கீழப்பனையூர்த் திருப்பம், மழை. கலியபெருமாள் என்பவர் சைக்கிளில் குறுக்கே வந்தார். வந்தார் என்றுதான் வழக்கில் இருக்கிறது. கோர்ட் சந்தேகத்தின் பலனை எனக்குக் கொடுத்து விடுதலை செய்தது. டிப்போ விசாரணையிலும் என் மேல் குற்றமில்லை என்றார்கள். கண்டன் ஆச்சனுக்கு நாட்டார், எனக்கு கோர்ட். தீர்ப்பு ஒன்றுதான். பிறகு ஏன் எனக்கு இப்படி வேர்க்க வேண்டும்?

செப்டம்பர் 1, ஞாயிறு

வாரம் முழுக்க மண்டைக்குள் ஒரே ஒரு கேள்விதான். அதைக் கேட்கவே போனேன்.

"ஏம்மா, ஆடு கோயிலுக்குப் போச்சு, விளக்கு சாமிக்குப் போச்சு. செத்தவன் வீட்டுக்கு என்ன கொடுத்தாங்க?"

தமயந்தி மறுபடி விளக்கைச் சாய்த்து முதலிலிருந்து கடைசி வரை விரலை ஓட்டினாள். "அதைப் பத்தி இந்தக் கல்லுல ஒண்ணும் இல்லைங்க."

"பொண்டாட்டி இருந்திருப்பா இல்ல? புள்ள?"

"இருந்திருப்பாங்க சார். கல்லுல வரல."

செப்டம்பர் 4, புதன்

சைக்கிள் குறுக்கே வரவில்லை. ஓரமாகத்தான் போனது.

அப்போது நான் வெற்றிலை போடுவேன். ஸ்டியரிங் பக்கத்தில் சுண்ணாம்பு டப்பா இருக்கும். திருப்பத்தில் டப்பா கீழே உருண்டது. குனிந்து பார்த்தேன். நிமிர்ந்தபோது முடிந்துவிட்டது. அவ்வளவுதான். ஒரு டப்பாவுக்குக் குனிகிற நேரம்.

போலீஸிலும் கோர்ட்டிலும் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. தனபாக்கியத்திடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் காலை என் காக்கிச் சட்டையைத் துவைக்கப் போட்டவள் பையிலிருந்த டப்பாவை வெளியே எடுத்தாள். மூடி நசுங்கியிருந்தது. ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்க் குப்பையில் போட்டுவிட்டு வந்து தோசை வார்த்தாள். அன்றோடு நான் வெற்றிலையை விட்டேன். டாக்டர் சொன்னார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டேன். எந்த டாக்டர் என்று அவளும் கேட்டதில்லை.

கோர்ட்டில் முதல் வாய்தாவுக்கு நீலச் சேலை கட்டிய ஒரு பெண் வயிற்றில் பிள்ளையோடு வந்திருந்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சேலையைத்தான் பார்த்தேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

கோயில் நிறுத்தத்தில் இறங்கவில்லை. கீழப்பனையூருக்கு டிக்கெட் வாங்கினேன். திருப்பத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். மாவாட்டி டிரைவர் அந்த இடத்தில் நன்றாகவே வேகத்தைக் குறைத்தான், அதையும் சொல்ல வேண்டும்.

கலியபெருமாள் வீடு எது என்று கேட்க நாக்கு வரவில்லை. வினோதினி வீடு என்று கேட்டேன். "மாசமா இருக்கே, அந்தப் புள்ளையா? பம்பு செட்டுக்கு எதுத்த வீடு" என்றார்கள்.

வாசலில் ஒரு பெண் நாற்று வேலைக்குக் கிளம்பத் தலையில் துண்டு கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பெயர் செந்தாமரை என்று பிறகு தெரிந்தது.

"யாரு வேணும்?"

"நான் தனபாக்கியத்தோட வீட்டுக்காரர்."

துண்டைக் கட்டிய கை அப்படியே நின்றது. என்னை மேலும் கீழும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அக்கா வரலியா? ரெண்டு பூரட்டாதியா ஆளக் காணுமே. போன் போட்டாலும் எடுக்கல. ஒடம்பு சரியில்லையா?"

கடவுளே! இவளுக்கு யாரும் சொல்லவில்லை. யார் சொல்வது? இவள் யாரென்றே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதே. அந்த வீட்டு வாசலில் இரண்டாவது தடவையாக நானே சாவைக் கொண்டுவந்து நிற்கிறேன்.

சொன்னேன். மாரடைப்பு, ஜூலை பதிமூன்று, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே என்று சொன்னேன். செந்தாமரை தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "என்னப் பெத்த ஆத்தா, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே!" உள்ளேயிருந்து நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அம்மா, யாரு? பெரியம்மாவுக்கு என்ன?" அதுதான் வினோதினி. என் மனைவி அந்த வீட்டில் பெரியம்மா.

அழுகை ஓய்ந்ததும் செந்தாமரை என்னைப் பார்த்தாள். "உள்ள வாங்கன்னு கூப்பிட எனக்கு வாய் வரலங்க. அக்காவுக்காகச் சொல்றேன், வெயில்ல நிக்காதீங்க, அந்த வேப்பமரத்து நிழலுக்குப் போங்க."

நிழலில் நின்றேன். அவள் வாசலில் இருந்தபடியே பேசினாள்.

"மொத நா வந்தப்பவே டிரைவர் பொண்டாட்டின்னு சொல்லிட்டுத்தான் படியேறுச்சு. வௌக்கமாத்த எடுத்துட்டேன். அடிம்மான்னு நின்னுச்சு. மறு மாசமும் வந்துச்சு. எனக்கு வலி எடுத்தப்ப ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தது அதுதான். இவள மொதல்ல கையில வாங்குனதும் அதுதான்."

எனக்கு அடக்க முடியவில்லை. "அம்மா, அன்னிக்கி சைக்கிள் குறுக்க வரல. சுண்ணாம்பு டப்பா விழுந்துது, நான் குனிஞ்சு…"

"தெரியும். அக்கா அப்பவே சொல்லிருச்சு."

இருபத்தொரு வருஷம் நான் பூட்டி வைத்திருந்தது இந்த இரண்டு பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் அவர்களுக்குத் தெரியும் என்று தெரியவில்லை.

முடிச்சை எடுத்துக் காட்டினேன். "இது எதுக்குன்னு தெரியுமா?"

"இவளுக்கு வளைகாப்பு போட்ட மறுநா முடிஞ்சது. புள்ள நல்லபடியாப் பொறக்கணும்னு வேண்டிக்கிச்சு. பொறந்ததும் அவர் கையாலயே உண்டியல்ல போட வைக்கிறேன்னு சாமிகிட்ட சொல்லிருக்கேன்னுச்சு."

"எவர் கையால?"

"உங்க கையாலதான். அவரு வர மாட்டாருக்கான்னேன். வருவாருன்னுச்சு."

செப்டம்பர் 11, புதன்

பீரோவில் அணைந்து கிடந்த அவளுடைய போனுக்குச் சார்ஜ் போட்டேன். செந்தா என்ற பெயரில் வரிசையாகத் தவறிய அழைப்புகள். முன்பே சார்ஜ் போட்டிருக்கலாம்.

நான் வருவேன் என்று தனபாக்கியத்துக்கு யார் சொன்னது? ஒரு நாளாவது என்னைக் கூப்பிட்டாளா? கூப்பிட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கோபமாக வருகிறது, யார் மேல் என்று பிடிபடவில்லை. சாப்பிடவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

காலை ஒன்பதரைக்கு தனபாக்கியத்தின் போன் அடித்தது, செந்தாமரை. பெண் குழந்தை, சுகப்பிரசவம். இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள். "திருவோண நட்சத்திரம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அடுப்பில் பாலை வைத்துவிட்டு அழுதேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

செப்டம்பர் 18, புதன்

பூரட்டாதி. 6.10 வண்டி.

செந்தாமரை எனக்கு முன்பே வந்து கோபுரத்துக்கு வெளியே நின்றிருந்தாள். "பேத்தி பொறந்த தீட்டுங்க, நான் உள்ள வரப்படாது. நீங்கதான் போகணும்" என்றாள்.

போனேன். வினோதினிக்கு வழக்கமான அர்ச்சனை. குழந்தைக்கும் செய்யச் சொன்னேன். பேர் வைக்கவில்லையே என்றதும், "தாயார் பேரைச் சொல்லிப் பண்றேன்" என்றார் குருக்கள்.

"சாமி, இன்னும் ரெண்டு பேருக்குப் பண்ணணும். தனபாக்கியம், கலியபெருமாள்."

"தனபாக்கியம் நம்ம பூரட்டாதி அம்மான்னா? போனவாளுக்கு அர்ச்சனை கிடையாது சார். சாயங்காலம் மோட்ச தீபம் ஏத்தறேன். கலியபெருமாள் யாரு, உங்க அண்ணாவா?"

பின்னால் ஏழெட்டுப் பேர் தட்டோடு நின்றிருந்தார்கள். இந்த முறையும் தலையை ஆட்டியிருக்கலாம்.

"இல்ல சாமி. நான் ஓட்டுன பஸ்ல அடிபட்டுச் செத்தவர். தப்பு என்னுது. வினோதினி அவரோட பொண்ணு."

குருக்கள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். பின்னால் ஒரு குழந்தை மணியை அடித்தது. "ரெண்டு அகலா வைக்கறேன்" என்றார்.

உண்டியலுக்கு வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். வரவில்லை. நகம் வலித்ததுதான் மிச்சம். கோபுர வாசலுக்கே எடுத்துக்கொண்டு போனேன். செந்தாமரை வாங்கிப் பல்லால் கடித்து இழுத்தாள். "அக்கா முடிச்சுன்னா இப்படித்தான்" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குத் தெரியவில்லை. காசை என் உள்ளங்கையில் வைத்து, "போங்க, போட்டுட்டு வாங்க" என்றாள்.

போட்டேன். சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை. மஞ்சள் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து பிரசாதத்தைக் கொடுத்தேன். வெற்றிலையும் தட்டில் இருந்தது. இந்தத் தடவை அதை நந்தியிடம் விட்டுவிட்டு வரவில்லை. செந்தாமரை எல்லாவற்றையும் முந்தானையில் வாங்கி முடிந்துகொண்டாள். மினி பஸ் வந்தது. ஏறும்போது திரும்பி, "அக்கா இருந்தா இனிமே மாசம் ரெண்டு தடவ வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வாருங்கள் என்று அவள் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து காலண்டரைப் புரட்டிப் பார்த்தேன். அக்டோபர் 12 திருவோணம், 15 பூரட்டாதி. இரண்டுக்கும் 6.10 வண்டி.